உடப்புசல்லாவையில் ஒரு பாலமும் உள்ளிருக்கும் இரும்பும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, ராகலை வழியாக உடப்புசல்லாவைக்குச் செல்லும் பாதையிற் பிரயாணஞ் செய்தவர்கள் அதனை எளிதில் மறக்கமாட்டார்கள். கோவாவும் லீக்ஸும் கரட்டும் செழித்து நிற்கும் மரக்கறித் தோட்டங்கள் முதலிற் கண்ணுக்கு விருந்தளிக்கின்றன. பின்னர் தேயிலை, அதற்கப்பாலும் தேயிலை. சில வளைவுகளில் மேகங்கள் எமக்குக் கீழே மேய்ந்துகொண்டிருக்கக் காண்கின்றோம்.

ஒருகாலத்தில் இவ்வழியே புகைவண்டியும் ஓடியது. நானுஓயாவிலிருந்து ராகலை வரை, இரண்டரை அடி அகலமே கொண்ட சிறு தண்டவாளத்தில் மலையேறிய அதற்கு உடப்புசல்லாவை ரயில் என்று பெயர். உடப்புசல்லாவையை அது ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். 1903ஆம் ஆண்டின் இறுதியில் நுவரெலியாவையும் 1904இல் ராகலையையும் அடைந்த அந்த ரயில், மோட்டார் லொறிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் 1940களில் நின்றுபோயிற்று. 6,300 அடிக்கு மேல் அமைந்திருந்த கந்தப்பளை நிலையம், இன்று இலங்கையின் மிக உயர்ந்த நிலையமாகிய பட்டிப்பொலையைக் காட்டிலும் உயரமானது. இப்போது தண்டவாளமும் இல்லை, வண்டியும் இல்லை. மலைச்சரிவில் வெட்டிய தடத்தை மட்டும் ஆங்காங்கே அடையாளங் காணலாம்.

பங்குனி மாதத்து ஒரு காலையில் நாம் அவ்வழியே சென்றபோது எம்முடன் வந்த நண்பர் ஒரு பொறியியலாளர். பாலங்களையும் கட்டடங்களையும் சோதித்து, அவை இன்னும் எத்தனை காலம் தாங்கும் எனக் கணிப்பதே அவருடைய தொழில். இத்தகைய ஒருவருடன் மலைநாட்டுக்குச் செல்வது பொறுமையைச் சோதிக்குங் காரியம் என்பதை வாசகர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கின்றோம். அருவியைப் பார்க்கலாமென்று நாம் வண்டியை நிறுத்தச் சொன்னால், அவர் இறங்கி அருவிக்குக் கீழுள்ள மதகின் அடியிற் புகுந்துவிடுவார். திரும்பி வரும்போது அவருடைய முழங்கால் வரை சேறு. முகத்திலோ பெருந் திருப்தி.

எமது பிரயாணத்துக்கு ஒரு காரணம் இருந்தது. உடப்புசல்லாவைக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்தில், மேற்பிரிவுக்கும் கீழ்ப்பிரிவுக்கும் இடையே ஓடும் ஓடையின்மீது சிறிய கொங்கிறீற்றுப் பாலமொன்று இருக்கின்றது. கொழுந்து ஏற்றிய லொறி அதன்மீதுதான் தொழிற்சாலைக்குச் செல்லவேண்டும். மேற்பிரிவுப் பிள்ளைகள் பாடசாலைக்குப் போவதும், கர்ப்பிணிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதும் அதன்மீதே. 2025ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் டித்வா புயல் மலைநாட்டைச் சூறையாடியபோது எத்தனையோ பாதைகளும் பாலங்களும் அழிந்தன. இந்தப் பாலம் தப்பியது. அதைப் பற்றி ஊரார் மகிழ்ந்துகொண்டிருக்கையில், ஒருநாள் வெயில் நேரத்தில், யாரும் தொடாமலே, பாலத்தின் அடிப்பாகத்திலிருந்து பலகை அகலத்துக்கு ஒரு கொங்கிறீற்றுத் துண்டு பெயர்ந்து ஓடையில் விழுந்தது. விழுந்த இடத்தில் உள்ளிருந்த கம்பி தெரிந்தது. அது கம்பியாக இல்லை. கறள் பிடித்து, ஈரமான தேயிலைத் தூள்போல உதிர்ந்துகொண்டிருந்தது.

இரும்பைச் சீமெந்துக்குள் வைத்துக் கட்டும் வழக்கம் எங்கிருந்து வந்தது? இதற்கு விடை ஒரு தோட்டக்காரனிடத்தில் இருக்கின்றது. பிரான்ஸ் தேசத்தில் ஜோசப் மோனியே என்பவர் பூச்செடித் தொட்டிகள் அடிக்கடி உடைந்துபோவதைக் கண்டு, இரும்புக் கம்பிவலையைச் சுற்றிச் சீமெந்தைப் பூசித் தொட்டிகள் செய்து, 1867இல் அதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். கொங்கிறீற்று பாரத்தை அமுக்கித் தாங்கவல்லது, இழுத்தாலோ வெடித்துவிடும். இரும்பு இழுவையைத் தாங்கும். இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகின்றது. இதைவிடப் பெரிய வசதி ஒன்றும் உண்டு. சீமெந்திலுள்ள சுண்ணாம்பு கடுங்காரத் தன்மை உடையது. அந்தக் காரத்தினுள்ளே இருக்கும்வரை இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமொன்று மூடியிருக்கும். அப்படலம் உள்ளவரை இரும்பு கறள் பிடிப்பதில்லை. தாயின் மடியிற் கிடக்கும் குழந்தைபோல அது உறங்குகின்றது.

அந்த உறக்கத்தைக் கலைப்பவை இரண்டு. முதலாவது, நாம் மூச்சாக வெளிவிடும் கரியமிலவாயு. அது கொங்கிறீற்றின் நுண்ணிய துளைகள் வழியே மெல்ல மெல்ல உள்ளே நுழைந்து சுண்ணாம்பின் காரத்தைக் கொன்றுகொண்டே போகின்றது. இதன் நடை விசித்திரமானது. உள்ளே செல்லச் செல்ல வேகங் குறையும். நான்கு வருடத்தில் கால் அங்குலம் சென்றதென்றால், அரை அங்குலத்துக்குப் பதினாறு வருடமும் ஓர் அங்குலத்துக்கு அறுபத்துநான்கு வருடமும் செல்லும். ஆகவே கம்பியின்மேல் ஓர் அங்குலக் கொங்கிறீற்றை வைத்தவன் தன் பேரன் காலம்வரை நிம்மதியாக இருக்கலாம். அரை அங்குலம் மட்டும் வைத்தவனுக்குத் தன் மகன் பள்ளிப் படிப்பை முடிக்குமுன்பே கவலை தொடங்கிவிடும். அரை அங்குலச் சிக்கனம் நாற்பத்தெட்டு வருடத்தைத் தின்றுவிடுகின்றது. மேசன் வேலையில் இதைவிட நட்டமான சிக்கனம் இருப்பதாக எமக்குத் தெரியவில்லை.

இங்கேதான் உடப்புசல்லாவையின் காலநிலை குறுக்கிடுகின்றது. இவ்வூர் இரண்டு காற்றுகளுக்கு நடுவே அகப்பட்டது. ஒருபுறம் நுவரெலியா, மறுபுறம் ஊவா. வருடத்தின் கடைசி மாதங்களில் வாடைக்காற்று மழையையும் மூடுபனியையும் கொண்டுவந்து சேர்க்கும். ஆடி, ஆவணி மாதங்களிலோ கச்சான் காற்று தன் மழையையெல்லாம் மேற்குச் சரிவுகளிற் கொட்டித் தீர்த்துவிட்டு, வறண்ட காற்றாக இப்பக்கம் இறங்கும். தேயிலைக்கு இது பெரும் பாக்கியம். கச்சான் வீசும் நாளிற் பறித்த கொழுந்தின் மணத்துக்காகவே வியாபாரிகள் காத்திருக்கின்றார்கள். உடப்புசல்லாவைத் தேநீரின் சாயத்தில் ஓர் இளஞ்சிவப்புத் தோன்றும் என்பது சுவைஞர் கூற்று.

கொங்கிறீற்றுக்கு இது பாக்கியமன்று. எப்போதும் நனைந்தே கிடக்கும் கொங்கிறீற்றில் துளைகளை நீர் அடைத்துக்கொள்வதால் கரியமிலவாயு எளிதில் நுழையாது. எப்போதும் உலர்ந்தே இருப்பதில் வாயு நுழைந்தாலும், ஈரமின்மையால் இரும்பு கறள் பிடிப்பதில்லை. பாதி வருடம் உலர்ந்தும் பாதி வருடம் நனைந்தும் இருக்குமிடத்தில் இரண்டு தீமையும் முறைவைத்து வேலை செய்கின்றன. கச்சான் வாயிலைத் திறந்து வைக்கின்றது. வாடை உள்ளே புகுந்து கொள்ளையடிக்கின்றது. கறளாக மாறிய இரும்பு முன்னிருந்ததைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும். இடமில்லாவிட்டால் அது கொங்கிறீற்றைப் பிளக்கும். வெயில் நேரத்தில் யாரும் தொடாமலே துண்டு விழுந்ததன் இரகசியம் இதுதான்.

மலைநாட்டு ஓடைநீரையும் இங்கே குறிப்பிடவேண்டும். பாறையின்மேல் ஓடிவரும் இந்த நீர் குடிப்பதற்கு அமிர்தம். சவர்க்காரம் போட்டால் நுரை பொங்கும். உப்பு எதுவுங் கரையாத இத்தகைய மென்னீர் பசித்த நீராகும். சீமெந்தைக் கண்டால் அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் குடிக்கும். மதகுகளின் அடியில் வெள்ளை வெள்ளையாகத் தொங்கும் குச்சிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை கொங்கிறீற்றிலிருந்து கசிந்த சுண்ணாம்பே. சுவீடன், நோர்வே ஆகிய குளிர்தேசங்களின் பழைய அணைகள் பலவற்றை இந்த மென்னீர் அரித்திருக்கின்றது.

பாலத்தடிக்கு நாம் இறங்கியபோது தோட்டத்தில் மேசன் வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவரும் கூட வந்தார். எமது நண்பர் தோற்பையைத் திறந்து ஒவ்வொன்றாகக் கருவிகளை எடுக்குமுன், பெரியவர் கையிலிருந்த சிறு சுத்தியலால் பாலத்தின் அடியைத் தட்டத் தொடங்கிவிட்டார். ஓரிடத்தில் 'ணங்' என்றது. இன்னோரிடத்தில் 'பொத்' என்றது.

"மேல வெள்ளை அடிச்சிட்டா புதுசு மாதிரித்தான் இருக்குமுங்க ஐயா. சத்தத்தைக் கேட்டாத்தான் உள்ள இருக்கிறது தெரியும்" என்றார்.

நண்பர் சுத்தியலை வாங்கித் தாமும் தட்டிப் பார்த்து, பொத்தென்ற இடங்களையெல்லாம் சோக்கினால் வட்டமிட்டார். வட்டங்கள் அனைத்தும் பாலத்தின் ஒரே முனையில், கீழ்ப்பிரிவுக் கரையோரமாகவே விழுந்தன. மேற்பிரிவு முனை திடமாக இருந்தது. ஒரே நாளில், ஒரே கையால், ஒரே சீமெந்தாற் கட்டப்பட்ட பாலம். ஒரு முனைக்கு மட்டும் ஏன் இந்த நோய்?

கறளை வெளியிலிருந்தே கண்டறிய ஒரு வழியுண்டு. இரும்பு கறள் பிடிப்பது உண்மையில் ஒரு மின் நிகழ்ச்சி. நனைந்த கொங்கிறீற்றுக்குள் கம்பியின் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டேயிருக்கும். ஆகவே கம்பியின் ஒரு நுனியில் வயரைப் பூட்டி, மறுநுனியைச் செம்பும் செப்புச் சல்பேற்றும் அடங்கிய ஒரு குழாயோடு இணைத்து, அக்குழாயை ஈரப் பஞ்சின்மேல் வைத்துக் கொங்கிறீற்றின் மேற்பரப்பெங்கும் நகர்த்தி வரவேண்டும். மீற்றரில் எதிர்க்குறியோடு தோன்றும் எண் 200 மில்லிவோல்ட்டுக்குட்பட்டால் பெரும்பாலும் பயமில்லை. 350ஐத் தாண்டினால் பத்துக்கு ஒன்பது பங்கு கறள் நடந்துகொண்டிருக்கின்றது என்று பொருள். 1950களில் கலிபோர்னியாவின் சான் மாத்தேயோ – ஹேவர்ட் பாலம் உப்புநீர்க் குடாவின்மேல் நின்று சிதைந்துகொண்டிருந்தபோது, ஸ்ட்ராற்ஃபுல் என்ற ஆராய்ச்சியாளர் இம்முறையைப் பாலங்களிற் பிரயோகித்தார். வைத்தியர் மார்பிற் குழாய் வைத்துப் பார்ப்பதுபோலத்தான் இதுவும். நோயைச் சொல்லும், ஆனால் எவ்வளவு விரைவில் ஆள் சாவான் என்று சொல்லாது.

மீற்றரும் பெரியவரின் சுத்தியலும் ஒரே தீர்ப்பைக் கூறின. கீழ்ப்பிரிவு முனையே நோயுற்றது.

அடுத்ததாக நண்பர் அம்முனையில் ஒரு சிறு துண்டைப் பெயர்த்து, புதிதாக உடைந்த முகத்தின்மேல் பினோப்தலீன் என்ற கரைசலைத் தெளித்தார். காரம் உயிரோடிருக்கும் இடத்தில் இக்கரைசல் செந்நிறம் பெறும். காரஞ் செத்த இடத்தில் நிறமில்லாமலே இருக்கும். நாம் நிறமின்மையையே எதிர்பார்த்தோம். அதற்கு மாறாக, மேற்றோல் நீங்கலாக மற்றெல்லா இடமும், கம்பியைச் சுற்றிலுங்கூட, ரோசாப் பூப்போலச் சிவந்தது! கரியமிலவாயு இன்னும் கம்பியை எட்டவேயில்லை. காரம் இருக்கின்றது, ஆனாலும் இரும்பு கறள் பிடித்திருக்கின்றது.

அப்படியானால் இது இரண்டாவது பகைவனின் வேலை. அவன் பெயர் குளோரைட்டு. அதாவது, உப்பில் உள்ள பொருள். காரத்தை அழிக்காமலே, இரும்பின் பாதுகாப்புப் படலத்தை ஊசிமுனைபோலத் துளைத்துக் குழிகுழியாக அரிக்கவல்லவன் அவன். கடலோர நாடுகளில் கொங்கிறீற்றின் முதல் எதிரி அவனே. ஆனால் உடப்புசல்லாவைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? கடற்காற்று இந்த மலைகளை ஏறி வருவதில்லை.

நண்பர் பாலத்தடியிலிருந்து வெளியே வந்து மேலே நிமிர்ந்து பார்த்தார். கரையின் மேட்டில் தோட்டத்து உர ஸ்டோர் நின்றது. அதன் வாசலிலிருந்து சரியும் வாய்க்கால் நேரே பாலத்தின் அந்த முனையில் வந்து முடிந்தது.

தேயிலைக்குப் போடும் உரங்களுள் ஒன்று மியூரியேற் ஒஃப் பொட்டாஷ். அதன் இரசாயனப் பெயர் பொட்டாசியம் குளோரைட்டு. சிந்திய உரத்தைக் கூட்டித் தள்ளிக் கழுவி விடும்போதெல்லாம், லொறியிலிருந்து மூட்டை இறக்கும்போதெல்லாம், மழை பெய்யும்போதெல்லாம் அந்த உப்பு வாய்க்கால் வழியே பாலத்தை நனைத்து வந்திருக்கின்றது. கடல் மலையேறவில்லை, சாக்கிற் கட்டி நாமே ஏற்றி வைத்திருக்கின்றோம். உடைத்த துண்டின்மேல் வெள்ளி நைத்திரேற்றைத் தெளித்தபோது அது வெண்மை பாரித்துச் சாட்சி சொல்லிற்று.

உர ஸ்டோருக்குள்ளும் நாம் சென்று பார்த்தோம். அங்கே வேறொரு கதை. பழைய நாட்களில் தேயிலைக்கு அமோனியம் சல்பேற்று மிகுதியாகப் போடப்பட்டது. பின்னரே யூரியா அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. அமோனியம் சல்பேற்றைப்போற் கொங்கிறீற்றைக் கெடுக்கும் உரம் வேறில்லை எனலாம். ஈரத்தில் அது சுண்ணாம்போடு கலந்து ஜிப்சமாக மாறி, அமோனியா ஆவியை வெளிவிடும். ஆவி பறந்துபோய்விடுவதால் இரசாயன மாற்றம் தொடர்வதற்குத் தடையே இல்லை. ஸ்டோரில் மூக்கைத் துளைக்கும் நெடி வீசினால், உரமும் வீணாகின்றது, தரையும் வீணாகின்றது என்று அறிக. அந்த ஸ்டோரின் தரை முழங்கால் உயரச் சுவர்வரை ஊறிய பாண்போல மென்மையாகியிருந்தது.

உப்பையும் இரும்பையும் பற்றி நினைக்கும்போது எமக்கு மண்டபத்தின் ஞாபகம் வந்தது. இந்தத் தோட்டங்களில் உழைக்க வந்தவர்களின் முன்னோர் பலர் இராமேசுவரத்துக்கு அருகேயுள்ள மண்டபம் முகாமில் நாட்கணக்காகத் தடுத்து வைக்கப்பட்டு, நோய்ச் சோதனைக்குப் பின்னரே தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதே மண்டபத்தில் இன்று வேறொரு சோதனை நடைபெறுகின்றது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்திலும் நிதியிலும் எழுந்தது. அதன் கிளையொன்று மண்டபத்துக் கடற்கரையில் உலோகங்களை உப்புக்காற்றில் வைத்து, அவை எவ்வாறு அரிக்கப்படுகின்றன என்று வருடக்கணக்கில் அளந்து வருகின்றது. பக்கத்திலேயே 1988இல் திறக்கப்பட்ட பாம்பன் சாலைப் பாலம், உலகிலேயே இரும்பை மிக வேகமாகத் தின்னும் காற்றுகளில் ஒன்றை எதிர்த்து நிற்கின்றது.

பெரிய பாலங்களுக்கும் அணைகளுக்கும் பார்ப்பவர்கள் இருக்கின்றார்கள். உடப்புசல்லாவையிலிருந்து இறங்கும் குருந்து ஓயா கலக்கும் மகாவலியின்மேல், 122 மீற்றர் உயரத்தில் விக்ரோரியா அணை நிற்கின்றது. அது எவ்வளவு அசைகின்றது, எவ்வளவு கசிகின்றது என்பதைக் கருவிகள் கவனித்துக்கொண்டேயிருக்கின்றன. டென்மார்க்கில் 1998இல் திறக்கப்பட்ட பெரிய பெல்ற் பாலத்தில், கட்டும்போதே கொங்கிறீற்றுக்குள் ஏணிப்படிகள்போல இரும்புத் துண்டுகளைப் புதைத்து, உப்பு எந்தப் படிவரை இறங்கிவிட்டது என்று வெளியிலிருந்தே அறியும் உபாயஞ் செய்துள்ளார்கள். பார்த்தும் பயனில்லாமற் போவதும் உண்டு. இத்தாலியின் ஜெனோவா நகரில் 1967இல் திறக்கப்பட்ட பாலத்தைப் பற்றி, கடற்காற்று அதைக் கெடுக்கின்றதென்று அதை அமைத்த மொராண்டி என்பவரே 1979இல் எழுதினார். 2018 ஆகஸ்ட் 14ஆந் திகதி அது இடிந்து 43 பேர் மாண்டார்கள்.

தோட்டத்துச் சிறுபாலத்தை யார் பார்ப்பது? லயத்து வாசற்படியின்மேல் நீட்டிய கொங்கிறீற்றுத் தட்டை யார் தட்டிப் பார்ப்பது? இந்தக் கேள்வி முன்னைக் காட்டிலும் இப்போது முக்கியமானது என்பது எமது அபிப்பிராயம். மலையகத் தமிழர் வந்து 200 வருடங்கள் நிறைந்ததை 2023இல் கொண்டாடினார்கள். இந்திய அரசின் உதவியோடு தனித்தனி வீடுகள் தோட்டங்களில் எழுந்து வருகின்றன. மேலும் 10,000 வீடுகள் தரப்படுமென 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்டது. லயத்துக் கருங்கற் சுவரையும் தகரத்தையும் கட்டியவன் துரை. கெட்டுப்போனால் திருத்தவேண்டியவனும் அவனே. புதிய வீட்டின் தூணும் விட்டமும் கெட்டால் திருத்தவேண்டியவர் அதில் வாழும் தொழிலாளியே. ஆகையால் கம்பிக்கும் பலகைக்கும் இடையே மேசன் விடும் இடைவெளியை அளந்து பார்க்கும் உரிமை அவருக்குத்தான் முதலில் உண்டு. கச்சான் வீசும் நாளிற் கொட்டிய கொங்கிறீற்றை ஈரச்சாக்கால் மூடவேண்டும். மூடாவிட்டால் காற்று நீரை உறிஞ்சிக்கொள்ள, மேற்றோல் இறுகாமலே வெடிக்கும். ஒரு வாரத்துக்கு நனைத்துக் காப்பதற்குச் செலவு தண்ணீர்தான்.

பாலத்தின் கதைக்கு வருவோம். நண்பர் தோட்ட நிருவாகத்துக்கு எழுதிக் கொடுத்தவை சில வரிகளே. உர ஸ்டோர் வாய்க்காலை உடனே வேறு பக்கந் திருப்புக. கீழ்ப்பிரிவு முனையிற் கெட்ட கொங்கிறீற்றைக் கம்பிக்குப் பின்புறம்வரை வெட்டியெடுத்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்திற் புதுக்கம்பி கட்டி, மறுபடி வார்க்குக. வெறுமனே மேலே பூசி மறைத்தல் ஆகாது. உப்பு உள்ளே இருக்க, பூச்சுக்குக் கீழே கறள் தன்பாட்டில் நடக்கும். அதுவரை மனிதர் நடக்கலாம், லொறி ஏறக்கூடாது.

வாய்க்காலைத் திருப்பும் வேலை நாம் அங்கிருக்கும்போதே தொடங்கிற்று. லொறி மேற்கரையில் நிறுத்தப்பட்டது. ஆனால் அதனால் வேறொரு பாரம் வந்து சேர்ந்தது: கொழுந்துச் சாக்குகளைப் பாலத்தின்மேல் தலையிற் சுமந்து அக்கரைக்குக் கொண்டுபோகவேண்டியவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்களே. அதற்குத் தனிக் கூலி உண்டா என்று அவர்களுள் ஒருத்தி எமது நண்பரைக் கேட்டாள்.

"இதை எழுதினீங்கல்ல, அதையும் எழுதிடுங்க ஐயா" என்றாள்.

நண்பர் சிறிது நேரம் நின்று, பின்னர் தாளை வாங்கி, ஐந்தாவது வரியாக அதையும் எழுதினார். அடுத்த அளவீடு ஆவணியில், கச்சான் ஓயும்போது. அதற்கடுத்தது தையில், வாடை மழை நின்றபின். இரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கமாக வைத்தாற்றான் உப்பு நின்றுவிட்டதா என்று சொல்லமுடியும் என்றார். மேசன் பெரியவர் சோக்கு வட்டங்களை மழை அழித்துவிடாமல், அவற்றின்மேல் கறுப்பு மையினால் ஒரு கோடு போட்டு வைத்தார்.